எல்லார்க்கும் உரிய வாகை

நுழையும்முன்

ஆடுகளத்தில் வென்றவர் பெயர் ஏட்டில் நிலைபெறுகிறது; தோற்றவர் சிந்திய வியர்வை மண்ணோடு கலந்து மறைகிறது. அவ்வியர்வைக்கும் மணிமுடி உண்டு என இசையால் உணர்த்தியவர் ஜப்பானிய இசையமைப்பாளர் யூஜி கோசெகி. போர்க்காலத்தில் அவர் அமைத்த மெட்டுகள் இளைஞர் பலரைப் படைக்கு வழியனுப்பின. அமைதிக்காலத்தில் அவர் அமைத்த மெட்டு, இளைஞர்களை ஆடுகளத்தில் வரவேற்றது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கலைஞரின் மனம் கடந்துவந்த தொலைவே இப்பாடம்.

கோடைக்களம்

ஜப்பான் நாட்டின் ஒசாகா நகருக்கு அருகில் நிஷினோமியா என்னும் ஊர் உள்ளது. அங்கு 1924ஆம் ஆண்டு கட்டப்பட்ட கோஷியென் விளையாட்டரங்கம், பேஸ்பால் ஆட்டத்தின் திருத்தலம் எனப் போற்றப்படுகிறது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் பேஸ்பால், அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற விளையாட்டு. ஆயினும் அந்நாட்டு மக்கள் அதனைத் தம் மண்ணின் விளையாட்டாகவே ஏற்றுக்கொண்டனர். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், மாகாண அளவிலான போட்டிகளில் வென்ற 49 மேல்நிலைப் பள்ளிகளின் அணிகள் கோஷியெனில் கூடுகின்றன. ஒருமுறை தோற்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான்; மறுவாய்ப்பு இல்லை. எனவே ஒவ்வோர் ஆட்டமும் மாணவர்க்கு வாழ்வின் பெருநிகழ்வாகிறது.

அவ்வரங்கத்தில் கண்ணுக்கு விருந்தாவது ஆட்டம் என்றால், செவிக்கு விருந்தாவது இசை. ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஆலைச் சங்கினைப் போன்ற நீண்ட ஒலி எழும். மலைச்சரிவென உயர்ந்து நிற்பதால் ஆல்ப்ஸ் என்று பெயர்பெற்ற பார்வையாளர் மேடைகளில், இருபள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்மக்களும் எதிரெதிரே திரண்டிருப்பர். கொளுத்தும் வெயிலில் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு முழங்கிக்கொண்டே இருக்கும். மட்டை பிடிக்கும் வீரர் மாறுந்தோறும் பாடலும் மாறும். அவரவர்க்கெனத் தேர்ந்த மெட்டு ஒலிக்க, மாணவர் கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கும்.

இவ்விசை முழக்கத்திற்கும் ஓர் அறம் உண்டு. தம் அணி மட்டை பிடிக்கும்போது மட்டுமே ஒரு பள்ளியின் வாத்தியக்குழு இசைக்கும். எதிரணியின் முறை வந்ததும் கருவிகள் அமைதிகொள்ளும். ஊக்கக்குழுவினர் எதிரணியையும் வாழ்த்தி முழங்குவர். வாத்தியக்குழு இல்லாத பள்ளிக்கு வேறொரு பள்ளியின் குழு வந்து துணைநின்று இசைப்பதும் உண்டு. தோற்ற அணியினர் தமக்காக ஊரார் மடித்துத் தந்த ஆயிரம் காகிதக் கொக்குகளின் சரத்தை வென்றவரிடம் ஒப்படைப்பர். அரங்கின் கருமண்ணைப் பைகளில் அள்ளிக்கொண்டு கண்ணீருடன் விடைபெறுவர்.

இத்தனை பாடல்களுக்கும் தலைமகனாக விளங்குவது அப்போட்டிக்கே உரிய பாடல். மணிமுடி உன்மீது ஒளிர்கிறது என்று பொருள்தரும் தலைப்பினை உடைய அப்பாடல், தொடக்க விழாவிலும் நிறைவு விழாவிலும் ஒலிக்கிறது. அதற்கு மெட்டமைத்தவரே யூஜி கோசெகி.

ஜவுளிக்கடைச் சிறுவன்

ஜப்பானின் வடகிழக்கில் உள்ள புகுஷிமா நகரில் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் கோசெகி பிறந்தார். அவர்தம் குடும்பம் கிமோனோ உடைக்குரிய துணிகளை விற்கும் பெரிய ஜவுளிக்கடையை நடத்திவந்தது. தந்தையார் இசையில் நாட்டமுடையவர். அக்காலத்தில் செல்வர் சிலரிடம் மட்டுமே இருந்த கிராமபோன் பெட்டி அவர் இல்லத்தில் இருந்தது. கடைக்குள் சுழன்ற இசைத்தட்டுகளைக் கேட்டுக்கேட்டே சிறுவனின் செவி பண்பட்டது.

தொடக்கப்பள்ளியில் கோசெகிக்கு வாய்த்த ஆசிரியர் ஒருவர், மாணவர்களைப் பாட்டு எழுதவும் மெட்டமைக்கவும் தூண்டினார். தாயார் வாங்கித்தந்த சிறிய மேசைப் பியானோவில் சுரங்களைத் தேடித்தேடி, கோசெகி மெட்டுகளைக் கோத்தார். வகுப்புத் தோழர்கள் தாம் எழுதிய பாட்டுகளை அவரிடம் கொண்டுவந்து மெட்டமைத்துத் தருமாறு கேட்டனர். பிறர் எழுதிய சொல்லுக்குள் புகுந்து அதன் உள்ளோசையைக் கண்டெடுக்கும் கலை, விளையாட்டுப் பருவத்திலேயே அவருக்குக் கைவந்தது.

குடும்பத் தொழிலைத் தொடர வேண்டும் என்பதற்காக அவர் புகுஷிமா வணிகப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். கணக்குப்பதிவு கற்ற அம்மாணவரின் கையில் எந்நேரமும் ஒரு மவுத் ஆர்கன் இருந்தது. கோசாகு யமாடா என்னும் பெரும் இசையமைப்பாளர் எழுதிய நூல்களை வாங்கி இசையிலக்கணத்தைத் தாமே கற்றார். பள்ளிப்படிப்பு முடியுமுன்னரே குடும்பக்கடை நொடித்துப்போயிற்று. மரபுவழித் தொழில் கைவிட்டுப்போன நிலையில், தாய்மாமன் நடத்திய கவமதா வங்கியில் பணிக்குச் சேர்ந்தார். சிற்றூர் வங்கியாதலால் வந்துபோவோர் குறைவு. கிடைத்த ஓய்வில் அவர் மெட்டுகளைப் புனைந்தார்.

கடிதம் தந்த துணை

இலண்டன் இசைப்பதிப்பகம் ஒன்று நடத்திய போட்டிக்குத் தம் படைப்புகளைக் கோசெகி அனுப்பினார். அவை பரிசு பெற்றதாக 1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாளேடுகளில் செய்தி வெளியாயிற்று. வடபுலத்து வங்கி எழுத்தர் ஒருவர் மேலையிசையில் புகழ்பெற்றார் என்னும் அச்செய்தி, தொலைவிலுள்ள தொயோஹாஷி நகரில் பாடகியாகும் கனவோடிருந்த கின்கோ என்னும் இளம்பெண்ணின் பார்வையில் பட்டது. அவர் முன்பின் அறியாத அவ்விளைஞருக்குக் கடிதம் எழுதினார். மறுமொழி வந்தது. கடிதங்கள் தொடர்ந்தன. சில திங்களிலேயே, அவ்வாண்டு சூன் மாதத்தில், இருவரும் மணம்புரிந்துகொண்டனர். அப்போது கோசெகிக்கு 20 வயது. கின்கோவுக்கு 18 வயது.

இங்கிலாந்து சென்று பயிலும் திட்டம் கைகூடவில்லை. எனினும் யமாடாவின் பரிந்துரையால் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் இசையமைப்பாளர் பணி கிடைத்தது. அதே ஆண்டில் இருவரும் டோக்கியோவில் குடியேறினர். உயரிய மேலைச்செவ்விசை படைக்க விரும்பியவர், மக்கள் வாங்கும் பாடல்களைப் படைக்கவேண்டிய கட்டாயத்திற்கு உள்ளானார். தொடக்கத்தில் அவர் அமைத்தவை விலைபோகவில்லை. சந்தைக்கேற்ற மெட்டு தமக்கு வருமா என்னும் ஐயம் அவரைச் சூழ்ந்தது.

நீலவானப் பாடல்

அவ்வேளையில் அவரைத் தேடிவந்தவர்கள் வசேதா பல்கலைக்கழகத்தின் ஊக்கக்குழு மாணவர்கள். வசேதாவும் கெய்யோவும் ஜப்பானின் புகழ்பெற்ற இரு தனியார் பல்கலைக்கழகங்கள். அவ்விரண்டும் மோதும் பேஸ்பால் ஆட்டத்தை அந்நாளில் நாடே உற்றுநோக்கியது. கெய்யோ மாணவர்கள் 1927ஆம் ஆண்டு முதல் தமக்கென எழுச்சிமிக்க பாடலொன்றைப் பெற்றிருந்தனர். அரங்கில் அப்பாடல் முழங்கும்போதெல்லாம் வசேதா தரப்பினர் சோர்ந்தனர். அதற்கு நிகரானதொரு பாடல் வேண்டும் எனக் கருதிய வசேதா மாணவர்கள், தம்முள் ஒருவர் எழுதிய பாட்டைத் தேர்ந்தெடுத்தனர். மெட்டமைக்கும் பொறுப்பு, பெரும்பெயர் எதுவும் பெறாத 21 வயதுக் கோசெகியிடம் வந்தது.

மெட்டு எளிதில் அமையவில்லை. ஆட்டநாள் நெருங்கிற்று. மாணவர்கள் நாள்தோறும் வீட்டிற்கு வந்து காத்துக்கிடந்தனர். இறுதியில், ஆழ்ந்த நீலவானத்தைப் பெயராகக்கொண்ட அப்பாடல் 1931ஆம் ஆண்டு இளவேனிற்காலத்தில் அரங்கேறியது. வசேதா அத்தொடரில் வென்றது. இன்றும் அப்பல்கலைக்கழகத்தார் ஒன்றுகூடும் இடங்களில் எல்லாம் அப்பாடல் ஒலிக்கிறது.

ஊக்கப்பாடலின் இலக்கணத்தைக் கோசெகி இங்குக் கற்றார். பாடுவோர் பயிற்சிபெற்ற பாடகர் அல்லர், பல்லாயிரம் மாணவர்கள். அவர்கள் நின்றுகொண்டு, கையசைத்தபடி, திறந்தவெளியில் பாடுகின்றனர். ஆகவே மெட்டு ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளுமாறு இருத்தல் வேண்டும். அடிகள் நடைபயிலும் தாளத்தில் அமைதல் வேண்டும். உச்சமான இடத்தில் குரல்கள் ஒருங்கே மேலெழ வேண்டும். செவ்விசை கற்ற அவருடைய பயிற்சி, இவ்வெளிமைக்குள் ஒரு பெருமிதத்தைச் சேர்த்தது.

1936ஆம் ஆண்டு, புதிதாகத் தோன்றிய ஒசாகா டைகர்ஸ் என்னும் தொழில்முறை அணிக்கு அவர் பாடலமைத்தார். ரொக்கோ மலையிலிருந்து வீசியிறங்கும் காற்றின் பெயரால் வழங்கும் அப்பாடல், கோஷியெனைத் தாயகமாகக்கொண்ட அவ்வணியின் அடையாளமாக இன்றும் விளங்குகிறது.

போர் கேட்ட பாடல்கள்

1937ஆம் ஆண்டு ஜப்பான் சீனாவின்மீது முழுப்போரைத் தொடுத்தது. அப்போது கோசெகி, மனைவியுடன் மஞ்சூரியாவிற்குச் சென்று பழைய போர்க்களங்களைக் கண்டு திரும்பிக்கொண்டிருந்தார். நாளேடு ஒன்று பரிசளித்து வெளியிட்ட படைவீரர் பாட்டு அவர் கண்ணில் பட்டது. தொடர்வண்டியில் அமர்ந்தவாறே அதற்கு மெட்டமைத்தார். களத்தில் தங்கும் வீரர்களைப் பற்றிய அப்பாடல் நாடெங்கும் பரவியது. எழுச்சிப் பாடலாயினும் அதன் மெட்டு துயரம் தோய்ந்தது. பிரிவும் இறப்பும் அதனுள் ஒலித்தமையால்தான் மக்கள் அதனைத் தம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர்.

மறு ஆண்டு அவர் சீனப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கு வீரர்கள் கூடியிருந்த நிகழ்ச்சியொன்றில் அப்பாடல் பாடப்பட்டது. மெட்டமைத்தவர் எனக் கோசெகி மேடையில் அறிமுகம் செய்யப்பட்டார். எதிரே நிற்போருள் எத்தனை பேர் உயிருடன் வீடு திரும்புவர் என்னும் எண்ணம் எழ, அவருக்குச் சொல் எழவில்லை, கண்ணீரே பெருகிற்று.

ஆயினும் பாடல்கள் நிற்கவில்லை. அரசும் படையும் நாளேடுகளும் திரைத்துறையும் அடுத்தடுத்துக் கேட்டன. அவர் அமைத்துத் தந்தார். 1943ஆம் ஆண்டு, கடற்படை விமானிகளாகப் பயிற்சிபெறும் சிறுவர்களைப் பற்றிய திரைப்படத்திற்குப் பாடல் தேவைப்பட்டது. யாசோ சைஜோ என்னும் கவிஞர் எழுதிய பாட்டிற்கு மகிழ்ச்சிச் சாயலுடைய மெட்டு ஒன்றைக் கோசெகி முன்னரே அமைத்திருந்தார். பயிற்சி முகாம் இருந்த சுச்சியுராவிற்குத் தொடர்வண்டியில் செல்லும்போது, துயரச் சாயலுடைய மற்றொரு மெட்டு அவர் மனத்தில் எழுந்தது. இரண்டையும் அச்சிறுவர்கள் முன் இசைத்துக் காட்டி, எது வேண்டும் எனக் கேட்டபோது, ஏறத்தாழ எல்லாருமே துயர மெட்டிற்குக் கையுயர்த்தினர். இளங்கழுகுகள் எனப் போற்றிய அப்பாடலைப் பாடிக்கொண்டே முகாமில் சேர்ந்த சிறுவர் பலர். போர் முடிவதற்குள் அவர்களுள் பலர் மாண்டனர். பேஸ்பால் மட்டையேந்திக் கோஷியென் களத்தில் நின்றிருக்க வேண்டிய வயது அவர்களுக்கு.

1944ஆம் ஆண்டு கோசெகி பர்மாவிற்கு அனுப்பப்பட்டார். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தலைமையிலான இந்திய தேசிய இராணுவமும் பங்கேற்ற இம்பால் படையெடுப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது. ரங்கூனில் தங்கியிருந்த அவரை எட்டியவை பசியும் நோயும் தோல்வியும் பற்றிய செய்திகளே. மறு ஆண்டு ஜப்பான் வீழ்ந்தது. தம் பாடலைப் பாடிச் சென்று திரும்பாதவர்களின் நினைவு கோசெகியின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும் அத்துயரை அவர் மறைக்கவில்லை.

மணியோசை

தோல்வியுற்ற நாட்டின் தெருக்களில் பெற்றோரை இழந்த சிறுவர்கள் அலைந்தனர். அவர்களைப் பற்றிக் கசுவோ கிகுதா என்னும் நாடகாசிரியர் எழுதிய வானொலித் தொடர் 1947ஆம் ஆண்டு தொடங்கியது. மணி ஒலிக்கும் குன்று என்னும் பொருளுடைய அத்தொடருக்குக் கோசெகி இசையமைத்தார். அதன் தொடக்கப்பாடலைச் சிறுவர்களே பாடினர். அத்தொடர் ஒலிபரப்பாகும் நேரத்தில் ஊர்ச்சிறுவர்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தனர். போர் குலைத்த பிஞ்சு உள்ளங்களை அவர் இசை தேற்றியது.

1949ஆம் ஆண்டு நாகசாகியின் மணி என்னும் பாடலுக்கு அவர் மெட்டமைத்தார். அணுகுண்டு வீச்சில் மனைவியை இழந்து, தாமும் நோயுற்றுக் கிடந்த மருத்துவர் தகாஷி நகாய் எழுதிய நூலின் அடியாகப் பிறந்தது அப்பாடல். துயரில் தொடங்கும் மெட்டு, இடையில் திரும்பி, ஒளிபொருந்திய சுரங்களுக்கு மாறி நிமிர்கிறது. இறந்தவர்க்காக அழுது, இருப்பவரை எழுந்துநிற்கச் செய்யும் பாடல் என மக்கள் அதனைப் போற்றினர். நகாயும் கோசெகியும் கடிதம்வழி நட்புப் பூண்டனர்.

பெயர் மறைத்த பாடலாசிரியர்

போரால் தடைப்பட்டிருந்த கோடைக்காலப் பேஸ்பால் போட்டி 1946ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியது. கோஷியென் அரங்கம் அமெரிக்கப் படையின் வசம் இருந்தமையால் முதலாண்டில் வேறிடத்தில் நடந்தது. மறு ஆண்டில் தாயகம் திரும்பியது. 1948ஆம் ஆண்டில் கல்விமுறை மாற்றம்பெற, நடுநிலைப் பள்ளிகளின் போட்டியாக இருந்தது மேல்நிலைப் பள்ளிகளின் போட்டியாயிற்று. அது 30ஆவது போட்டியும் ஆகும். அதனை நடத்திய அசாஹி நாளேடு, புதிய பாடல் ஒன்று வேண்டிப் பொதுமக்களிடம் பாட்டுகளைக் கோரியது. 5,252 பாட்டுகள் வந்துசேர்ந்தன. இஷிகாவா மாகாணத்தைச் சேர்ந்த மிச்சிகோ என்னும் பெண்ணின் பெயரில் வந்த பாட்டு முதற்பரிசு பெற்றது. பரிசுத்தொகை 50,000 யென்.

உண்மையில் அதனை எழுதியவர் மிச்சிகோவை மணக்கவிருந்த தைசுகே காகா. இளமையில் அவர் பேஸ்பாலில் பெருவேட்கை கொண்டிருந்தார். வெறுங்காலுடன் ஆடியபோது காலில் ஏற்பட்ட காயம் புரையோடியது. 16ஆம் வயதில் வலக்காலின் கீழ்ப்பகுதி நீக்கப்பட்டது. ஆட்டக்கனவு அத்துடன் முடிந்தது. பின்னர் இலக்கியத்தில் ஈடுபட்ட அவர், பரிசுப்பணத்திற்காகப் பாட்டெழுதினார் என்னும் பேச்சு எழலாகாது எனக் கருதி, மிச்சிகோவின் பெயரில் பாட்டை அனுப்பினார். 1968ஆம் ஆண்டு, 50ஆவது போட்டியின்போதே இவ்வுண்மை உலகறிய வெளிப்பட்டது. களத்தில் இறங்க இயலாமற்போன ஒருவர், களத்தில் நிற்கும் அனைவரையும் வாழ்த்தி எழுதிய பாட்டு அது.

வெற்றுக்களத்தில் ஒருவர்

பாட்டு கோசெகியின் கைக்கு வந்தது. ஒசாகாவிற்குச் சென்ற அவர், ஆட்டமேதும் நடைபெறாத வேளையில் கோஷியென் அரங்கிற்குள் நுழைந்தார். ஆயிரக்கணக்கான இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. அவர் நடந்துசென்று, களத்தின் நடுவே உள்ள பந்தெறிமேட்டில் தனியே நின்றார். ஆட்டத்தின்போது எல்லார் கண்ணும் குவியும் இடம் அது. அங்கு நிற்கப்போகும் இளைஞரின் நெஞ்சத்துடிப்பையும், சுற்றிலும் எழப்போகும் ஆரவாரத்தையும் அவர் மனக்கண்ணில் கண்டார். அவ்விடத்திலேயே மெட்டு உருக்கொண்டது.

இசைக்கருவியின் துணையின்றி மனத்திற்குள்ளேயே இசையைக் கேட்டு, நேரே தாளில் குறிப்பெழுதுவது அவர் வழக்கம். வெற்றுக்களத்தில் அவர் கேட்ட ஓசை, அவ்வாண்டு ஆகஸ்டில் அனைவர் செவியிலும் ஒலித்தது. நெருங்கிய நண்பரும் புகுஷிமா மண்ணைச் சேர்ந்தவருமான ஹிசாவோ இத்தோ, இசைத்தட்டில் அதனைப் பாடினார்.

ஐந்தாண்டுகளுக்கு முன் விமானப்பயிற்சிச் சிறுவர்களுக்குத் துயர மெட்டளித்த அதே கை, இப்போது அவ்வயதினர்க்கே ஒளிமிகுந்த மெட்டளித்தது. முன்னதில் இளமை நாட்டிற்காக உதிரவேண்டிய மலராகப் பாடப்பட்டது. பின்னதில் இளமை தன்னளவிலேயே போற்றத்தக்கதாயிற்று. இப்பாடல் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்வதில்லை. இறுதியாட்டத்தில் வென்றவர்க்கு மட்டும் அது மணிமுடி சூட்டவில்லை. தொடக்க விழாவில் அணிவகுத்து நிற்கும் 49 அணிகளுள் 48 அணிகள் தோற்றே ஊர் திரும்பும். அவர்கள் அனைவரும் கூடிநிற்கும்போது, இன்னும் எவரும் வெல்லாத அவ்வேளையில், மணிமுடி உனக்கே என்று ஒவ்வொருவரையும் நோக்கி அப்பாடல் ஒலிக்கிறது.

போட்டி நடைபெறும் நாள்களுக்குள் ஆகஸ்டு 15ஆம் நாளும் வரும். 1945ஆம் ஆண்டு அந்நாளில்தான் போர் முடிந்ததாக ஜப்பானியப் பேரரசர் வானொலியில் அறிவித்தார். அன்று நண்பகலில் கோஷியெனில் ஆட்டம் நிறுத்தப்படும். வாத்தியங்கள் ஓயும். சங்கொலி எழ, வீரர்களும் பார்வையாளர்களும் போரில் மாண்டவர்க்காகத் தலைதாழ்த்தி நிற்பர். பின்னர் மீண்டும் ஆட்டமும் பாடலும் தொடரும். கோசெகியின் வாழ்வின் இருபாதிகளும் அந்த ஒரு நிமிட அமைதியில் சந்திக்கின்றன எனலாம்.

இருசாரார்க்கும் இசைத்தவர்

போட்டியாளர் இருவருக்கும் ஒருவரே பாடலமைப்பது அரிது. கோசெகி அதனைத் தயங்காது செய்தார். வசேதாவிற்கு நீலவானப் பாடலை அளித்த அவரே, 1946ஆம் ஆண்டு கெய்யோவிற்கும் ஓர் ஊக்கப்பாடலை அமைத்தார். டைகர்ஸ் அணிக்குப் பாடல் தந்த அவரே, அதன் பரம எதிரணியான டோக்கியோவின் ஜயன்ட்ஸ் அணிக்கு 1963ஆம் ஆண்டு பாடல் தந்தார். இவ்வணிகள் மோதும் நாள்களில் அரங்கின் இருபுறமும் எழுவது ஒரே கலைஞரின் இசை. எதிரணி என்பது பகையணி அன்று என்பதை அவர் தம் பணியால் காட்டினார். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு அவர் பள்ளிப்பாடல் அமைத்தார். அவர் படைத்த பாடல்கள் ஏறத்தாழ 5,000 என்பர்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக் விழா தொடங்கியது. உலக நாடுகளின் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது முழங்கிய நடையிசை கோசெகி படைத்தது. போரில் சிதைந்த நாடு, உலகை விருந்தினராக வரவேற்ற நாள் அது. அவர் வாழ்வின் பெருமைமிகு நாளும் அதுவே. 1972ஆம் ஆண்டு சப்போரோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவிற்கும் அவர் நடையிசை ஒன்றை அமைத்தார்.

தெரிந்து தெளிவோம்

கோஷியென் ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையாக நின்று ஒருவரையொருவர் வணங்குவர். பின்னர் வென்ற பள்ளியின் பாடல் ஒலிக்க, அப்பள்ளியின் கொடி ஏற்றப்படும். வசேதா மாணவர் ஒருவர் 1965ஆம் ஆண்டு அமைத்த போர்நடை இசையொன்று, பல்கலைக்கழக அரங்கிலிருந்து பரவி, பள்ளி வாத்தியக் குழுக்களின் விருப்பத்திற்குரிய ஊக்க இசையாயிற்று. தொலைக்காட்சித் தொடர்ப் பாடல்களும் திரையிசையும் இன்று அம்மேடைகளில் ஒலிக்கின்றன.

ஆகஸ்டில் ஒரு விடை

1979ஆம் ஆண்டு புகுஷிமா நகரம் கோசெகியைத் தன் முதல் மதிப்புறு குடிமகனாக ஏற்றுப் பெருமை செய்தது. மறு ஆண்டில், ஐம்பது ஆண்டுகள் உடன்வாழ்ந்த கின்கோ மறைந்தார். 1988ஆம் ஆண்டு அவர் பெயரால் நினைவகம் ஒன்று பிறந்த நகரில் திறக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், தம் 80ஆம் வயதில் கோசெகி இயற்கை எய்தினார். கோஷியெனில் அவ்வாண்டின் கோடைப் போட்டி நடைபெற்றுக்கொண்டிருந்த நேரம் அது. தம் பாடலால் தொடங்கிவைக்கப்பட்ட போட்டி முடியுமுன்னரே அவர் விடைபெற்றார்.

2020ஆம் ஆண்டு அவரும் கின்கோவும் வாழ்ந்த வாழ்வை அடியொற்றிய தொலைக்காட்சித் தொடர் ஜப்பானில் ஒளிபரப்பாகியது. அவ்வாண்டுக் கோடைப் போட்டி கொரோனா பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. களமிறங்க இயலாத மாணவர்கள் வாழ்ந்த அந்த ஆண்டில், களமிறங்க இயலாதவர் எழுதிய பாட்டின் பொருள் பலருக்கும் புதிதாய் விளங்கிற்று. 2023ஆம் ஆண்டு ஜப்பானியப் பேஸ்பால் பெருமைக்குரியோர் மன்றத்தில் கோசெகியின் பெயர் சேர்க்கப்பட்டது. வீரராக ஆடாமல், இசையால் ஆட்டத்தை உயர்த்தியதற்கான சிறப்பு அது.

இன்று புகுஷிமா தொடர்வண்டி நிலையத்தில், அதிவேக வண்டி புறப்படுவதை அறிவிக்கும் இசையாகக் கோஷியென் பாடலின் மெட்டு ஒலிக்கிறது. ஒரு பாடல் இளைஞரை எங்கு அழைத்துச்செல்கிறது என்பது மெட்டமைப்பவரின் பொறுப்பு. அப்பொறுப்பின் கனத்தைப் போரில் உணர்ந்த கோசெகி, வாழ்வின் பிற்பாதி முழுவதும் இளைஞர்களை வீட்டிற்குத் திரும்பிவரும் களங்களுக்கே அழைத்தார். கைநிறைய மண்ணோடும் கண்நிறைய நீரோடும் ஊர் திரும்பும் ஒவ்வொரு மாணவருக்கும் அவருடைய இசையில் ஒரு வாகைப்பூ உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் விளையாட்டு விழாவிற்கு, எந்த அணியின் பெயரும் இடம்பெறாமல் அனைவரையும் ஊக்கும் பாடல் ஒன்றை எழுதி, குழுவாகப் பாடுக.

2. எதிரணி ஆடும்போது வாத்தியங்களை நிறுத்தும் கோஷியென் வழக்கத்தை, நீங்கள் கண்ட விளையாட்டரங்க நடைமுறைகளுடன் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. கோசெகியின் இளமைக்கால இசையார்வத்திற்குத் துணைநின்றவை யாவை?

2. தைசுகே காகா தம் பெயரை மறைத்தமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. ஊக்கப்பாடலுக்குரிய இயல்புகளாக வசேதா பாடல்வழி அறியப்படுவனவற்றைத் தொகுத்து எழுதுக.

2. கோசெகி இருசாரார்க்கும் இசைத்தவர் என்பதனைச் சான்றுகளுடன் விளக்குக.

நெடுவினா

1. போர்க்காலப் பாடல்களும் கோஷியென் பாடலும் கோசெகியின் மனமாற்றத்தைப் புலப்படுத்தும் வகையினை ஆராய்க.